கம்பஸுக்குள் என்னதான் நடக்கிறது? அக்கம்பக்கத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கையின் கிழக்கே, வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு அருகே, போட்டோக் கொப்பி எடுப்பதும் ஆய்வேடுகளுக்கு மட்டை கட்டுவதும் என் தொழில். மாணவர்களும் வருவார்கள், ஊரவர்களும் வருவார்கள். உள்ளே நடப்பதைப் பற்றி ஊரவருக்கு இருக்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை என்பதால் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட போக்கிலேயே வைத்து, பேச்சை மட்டும் எழுத்துக்கு மாற்றியிருக்கிறேன். நான் பல்கலைக்கழக ஊழியன் அல்லன். இதை அவர்களுடைய அறிவித்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வந்தாறுமூலை, கல்லடி, திருகோணமலை என்று ஆளுக்கொரு இடம் சொல்கிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகம் உண்மையில் எங்கே இருக்கிறது தம்பி?

எல்லாம் சரிதான். தலைமை வளாகம் மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே சுமார் 16 கிலோமீற்றரில், வந்தாறுமூலையில் இருக்கிறது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி என்ற பெயரில் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில் தொடங்கியது. 1986இல் முழுப் பல்கலைக்கழகமானது. முதலில் விஞ்ஞானமும் விவசாயமும், பிறகு வர்த்தக முகாமைத்துவமும் கலை கலாசாரமும் வந்தன.

இசை, நடனம், நாடகம், காண்பியக் கலை படிக்கும் பிள்ளைகளுக்குக் கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். மருத்துவ மாணவருக்குரிய சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பு நகரை அண்டியது. சித்த மருத்துவம் திருகோணமலை வளாகத்தில். ஆகவே “கம்பஸில் நிகழ்ச்சி” என்று யாராவது சொன்னால், எந்த இடம் என்று கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். கல்லடியில் நடக்கும் நடன அரங்கேற்றத்துக்கு வந்தாறுமூலையில் வந்து இறங்கி முழிப்பவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்படியானால் ஒலுவிலும் இதன் கிளைதானா?

இல்லை. அம்பாறை மாவட்டத்தின் ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தனியானது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக உருவாகி, 1996இல் பல்கலைக்கழகமானது. அதை அமைப்பதில் அப்போதைய அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப்பின் பங்கு பெரியது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் அங்கே தனிப் பீடமே உண்டு. இரண்டும் தத்தம் ஆய்வு மாநாடுகளைத் தனித்தனியே நடத்துகின்றன.

ஆராய்ச்சி என்றால் விஞ்ஞான பீடத்தில் சோதனைக் குழாய் வைத்துச் செய்வதுதானே?

அது ஒரு பகுதி மட்டுமே. என் மேசைக்கு மட்டை கட்ட வரும் ஆய்வேடுகளில் பெரும்பாலானவற்றைச் சோதனைக் குழாய் தொட்டதே இல்லை. பெரும்போகத்தில் ஓர் ஏக்கருக்கு எவ்வளவு செலவாகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்ற கணக்கு ஒன்று. நுண்கடன் எடுத்த பெண்கள் கிழமைக் கட்டணத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது இன்னொன்று. மருதமுனைக் கைத்தறிக்காரர் சந்தையில் ஏன் தள்ளாடுகிறார்கள், கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடல் ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது, மட்டக்களப்புத் தமிழில் இன்றும் வழங்கும் பழஞ்சொற்கள் எவை, வெள்ளம் வந்தால் எந்தக் கிராமம் முதலில் மூழ்கும்: இப்படியெல்லாம் தலைப்புகள் உண்டு. நம்மவர் தமிழரும் முஸ்லிம்களும் பகிர்ந்துகொள்ளும் தாய்வழிக் குடி முறையைப் படிக்க டெனிஸ் மக்கில்ப்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் வந்து தங்கினார். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் யார் எந்தக் குடி என்று கேட்பது இருக்கிறதே, அதுவும் ஆய்வுப் பொருள்தான்.

விவசாய பீடத்தாரின் தலைவலி மண். நமது கரையோர மணல் மண் தண்ணீரையும் பசளையையும் பிடித்து வைக்காது. அதில் உமிக்கரி, கூட்டெரு, கடற்பாசிச் சாறு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார்கள். 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது வயற்காரர் எல்லோரும் தேடியது இந்த மாதிரி விடைகளைத்தான். அது வரைக்கும் அந்த ஆய்வேடுகள் அலுமாரியில் தூங்கின என்பது என் மனத்தாங்கல்.

கிழக்கில் பிறந்த ஆய்வாளர்களில் தலைமகன் ஒருவரை மறக்கவே கூடாது. 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் அறிவியல் படித்தவர், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர். பழந்தமிழர் யாழ் எப்படி இருந்தது, எப்படி ஒலித்தது என்பதைக் கணக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். சோதனைக் குழாயும் பாட்டும் ஒரே தலைக்குள் இருக்கலாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஆள் இருந்திருக்கிறார்.

நாங்கள் பிறந்ததிலிருந்து வலை வீசும் வாவி. அதில் அவர்கள் என்ன புதிதாகக் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

மட்டக்களப்பு வாவியின் நீளம் சுமார் 56 கிலோமீற்றர். ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனை வரை கிடக்கிறது. உங்கள் துறையடியில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை அங்கே வெட்டினால் இங்கே என்ன ஆகும் என்பதை ஒரே நேரத்தில் பல இடங்களில் அளந்தால்தான் சொல்லலாம். அளப்பது பெரும்பாலும் உப்புச் செறிவு, ஆழம், கலங்கல், நீரில் கரைந்த ஒட்சிசன், கடற்புல், கண்டல், மீன் இறால் வகை. மாரியில் ஆற்றுநீர் இறங்கி உப்பு குறையும், கோடையில் ஏறும். கடலில் பொரித்த இறால் குஞ்சு முகத்துவாரத்தால் உள்ளே வந்து கடற்புல்லுக்குள் வளரும்.

இனி முகத்துவாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் மணல் மூடும். மாரியில் வெள்ளம் ஏறினால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்கள் நீருக்குள் போகும், “வெட்டு, வெட்டு” என்று விவசாயி குரல் கொடுப்பார். வெட்டினால் வயல் வடியும். ஆனால் நீர்மட்டம் சட்டென்று இறங்கும், பிறகு உப்பு ஏறும், மீன்பாடு மாறும். ஆற்றுவாழை என்ற நீர்க்களை உப்புக்குத் தாங்காது என்பதால் அது சாகும், அது நல்லது. ஓரத்தில் தாழ்ந்த வயலுக்கு அதே உப்பு கேடு. எப்போது வெட்டுவது, எவ்வளவு அகலம் வெட்டுவது என்பது மீனவருக்கும் கமக்காரருக்கும் இடையே ஒவ்வொரு வருடமும் வரும் பேச்சு. அளவு கையில் இருந்தால் அந்தப் பேச்சு சண்டையாகாது. வாவி ஆய்வால் என்ன பயன் என்று கேட்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

பாடும் மீனையாவது கண்டுபிடித்துவிட்டார்களா?

வாவியில் மீன் பாடுகிறது என்று சொல்லும் அந்த ஒலி உண்டு. கல்லடிப் பாலத்தடியில், நிலவுள்ள இரவில், துடுப்பை நீருக்குள் விட்டு அதன் காம்பைக் காதோடு வைத்துக் கேட்டவர்கள் ஊரில் பலர். 1950களில் இங்கே பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைத் துறவி ஒருவர் அதை ஒலிப்பதிவும் செய்தார். எழுப்புவது மீனா, சிப்பியா, ஊரியா என்பதில்தான் வாதம். வீதி இரைச்சலும் மின்விளக்கும் கூடிய பிறகு கேட்பது அரிது. என்னைக் கேட்டால், அந்த வாதம் முழுதாகத் தீராமல் இருப்பதிலும் ஒரு நன்மை இருக்கிறது: விலங்கியல் படிக்க வரும் பிள்ளைக்கு வீட்டு வாசலிலேயே ஒரு கேள்வி காத்திருக்கிறது.

கூத்தில் ஆராய என்ன இருக்கிறது? எங்கள் பாட்டன் ஆடாததா?

பாட்டன் ஆடினார், ஏன் அப்படி ஆடினார் என்று எழுதி வைக்கவில்லை. கூத்தின் இரு வகைகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் என்ன வேறுபாடு என்று, கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியாரைக் கேளுங்கள். வாயால் சொல்ல மாட்டார், எழுந்து இரண்டு அடி போட்டுக் காட்டுவார். வடமோடியில் ஆட்டத்துக்கு வேகம், கதையும் பெரும்பாலும் போர். தென்மோடியில் பாட்டை இழுத்துப் பாடும் சுகம். இதைத் தாளக்கட்டு, ஆட்டக்கோலம், உடுப்பு என்று பிரித்து எழுத்தில் கொண்டுவருவது இலேசான வேலையல்ல. பேராசிரியர் சி. மௌனகுரு மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்துதான் கலாநிதியானார். பிறகு இங்கே நுண்கலைத் துறையில் அந்த வேலையைத் தொடர்ந்தார்.

இதில் இரண்டு போக்கு உண்டு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்கு ஏற்றினார். அந்த வழி வந்தவர்கள் கூத்தை நாடக அரங்கின் மூலதனமாகப் பார்த்தார்கள். பின்னாளில் சி. ஜெயசங்கர் போன்றவர்கள், “மேடைக்குக் கொண்டுபோகாதே, ஊர்க் களரியிலேயே ஊரவரோடு இருந்து மீளுருவாக்கு” என்று மட்டக்களப்பின் சீலாமுனைக் கிராமத்தில் வேலை செய்தார்கள். இரு பக்கத்தாருக்கும் காரசாரமான வாதங்கள் நடந்தன. எனக்கு இரண்டாவது பக்கம் பிடிக்கும். வட்டக்களரியைச் சுற்றிப் பாய் விரித்து இருந்து, பிள்ளை மடியில் தூங்க, இரவு மூன்று மணிக்கு வரவுப்பாட்டு கேட்டவனுக்கு, கதிரையில் நேராக இருந்து பார்க்கும் இரண்டு மணி நேரக் கூத்து அரைவயிறுதான்.

ஆய்வு மாநாடு, கருத்தரங்கு, பயிற்சிப்பட்டறை, நினைவுப் பேருரை. எல்லாம் மாலை போட்டுப் பேசுவதுதானே?

மாலை எல்லாவற்றிலும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆய்வு மாநாட்டில் பலர் தம் சொந்த ஆய்வின் முடிவைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சொல்வார்கள், சபையிலிருந்து கேள்வி வரும். கருத்தரங்கில் ஒரு தலைப்பைச் சிலர் பேசி விவாதிப்பார்கள். பயிற்சிப்பட்டறைக்குப் போனால் கையால் ஏதாவது செய்துவிட்டு வரவேண்டும். நினைவுப் பேருரை ஒரே ஆளின் பேச்சு. இவை தவிர உலக நாடக தினம், காண்பியக் கலைக் கண்காட்சி, பொங்கல், வாணி விழா, ஒளி விழா, இப்தார், வெசாக், விளையாட்டுப் போட்டி, பட்டமளிப்பு என்று ஆண்டு நிறைய உண்டு.

செப்டெம்பர் மாதத்தில் விளக்கு ஏற்றுகிறார்களே, அது எந்த விழா?

அது விழா அல்ல. 1990இல் யுத்தம் மூண்டபோது சுற்றுவட்டார மக்கள் ஆயிரக்கணக்கில் இந்த வளாகத்துக்குள் அகதிகளாகத் தஞ்சமடைந்திருந்தார்கள். அவ்வாண்டு செப்டெம்பர் 5 அன்று அங்கிருந்து பிடித்துச் செல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. அவர்களின் உறவினர் நினைவுகூருகிறார்கள். வெளியூரிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்கு இது தெரியாது. கேட்டால் சொல்லிக்கொடுங்கள்.

நாங்கள் வெளியாட்கள். கேற்றில் மறிக்க மாட்டார்களா?

வகுப்பு நாளில் காரணமில்லாமல் உலாவப் போனால் மறிப்பார்கள், அது நியாயம். பொது நிகழ்ச்சி என்றால் அழைப்பிதழையோ அறிவித்தலையோ கைத்தொலைபேசியில் காட்டி, அடையாள அட்டையும் கையில் வைத்திருந்தால் பெரும்பாலும் விடுவார்கள். கண்காட்சி, நாடகம், நினைவுப் பேருரை ஆகியவற்றுக்கு ஊரவர் வந்தால் ஏற்பாட்டாளருக்கு மகிழ்ச்சிதான், வெறுங்கதிரைக்குப் பேச யாருக்குப் பிடிக்கும்? ஆய்வு மாநாட்டில் தொடக்க அமர்வு ஒருபுறம், பதிவுசெய்தவருக்கான அமர்வுகள் மறுபுறம். சாப்பாட்டுப் பொதி பதிவுசெய்தவருக்கு மட்டும். பட்டமளிப்பு விழாவுக்கு அழைப்பு இல்லாமல் போகவே வேண்டாம்.

போனாலும் எல்லாம் இங்கிலீசில்தானே? எங்களுக்கு என்ன விளங்கும்?

விஞ்ஞானம், விவசாயம், மருத்துவம் ஆங்கிலத்தில். கலை கலாசாரத்திலும் அழகியற் கற்கைகளிலும் தமிழ் தாராளம். நான் சொல்லும் ஒரு சின்ன வழி: சுவரொட்டி அமர்வுக்குப் போங்கள். ஆய்வைப் பெரிய தாளில் படத்தோடு ஒட்டிவைத்துப் பக்கத்தில் செய்த பிள்ளையே நிற்கும். “மகள், இதைத் தமிழில் சொல்லு” என்றால் சொல்லாத பிள்ளையை நான் கண்டதில்லை. தமிழில் சொல்லும்போது தடுமாறினால், பிள்ளைக்கே இன்னும் சரியாக விளங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மகள் இறுதி வருடம். “ஆய்வுச் சுருக்கம் அனுப்பு” என்று சேர் சொன்னாராம். அது என்ன? செலவு வருமா?

மாநாட்டுக்கு முதலில் அழைப்பு வெளிவரும். மகள் தன் ஆய்வை ஏறக்குறைய ஒரு பக்கத்துக்குள், ஏன் செய்தாள், எப்படிச் செய்தாள், என்ன கிடைத்தது என்று எழுதி அனுப்பவேண்டும். அத்துறை தெரிந்தவர்கள் அதைப் படித்துப் பார்ப்பார்கள், எழுதியவர் பெயர் பெரும்பாலும் அவர்களுக்குக் காட்டப்படாது. ஏற்பு, திருத்தத்தோடு ஏற்பு, நிராகரிப்பு என்று ஏதாவது ஒன்று வரும். நிராகரிப்பு வந்தால் வீட்டில் அழ விடாதீர்கள். கூட வரும் குறிப்புரையைப் படித்துத் திருத்தி வேறு இடத்துக்கு அனுப்பலாம்.

ஏற்றுக்கொண்டால் பதிவுக் கட்டணம் உண்டு. மாணவருக்குக் குறைவாக வைப்பது வழக்கம். மேற்பார்வையாளர் பெயரைச் சேர்க்க மறக்கவேண்டாம், அவருக்குக் காட்டாமல் அனுப்பவும் வேண்டாம். மட்டை கட்டும் இடத்தில் நின்றுகொண்டு இதற்காக வாக்குவாதப்பட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

மின்னஞ்சலில் ஒரு வெளிநாட்டு மாநாடு வந்திருக்கிறது. “உங்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டோம், டொலர் அனுப்புங்கள்” என்கிறார்கள். கட்டலாமா?

மேலே சொன்ன நடைமுறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அனுப்பிய மறுநாளே ஏற்பு வந்ததா? குறிப்புரை ஒரு வரியாவது இருக்கிறதா? ஒரே மாநாட்டில் இருதய நோயும் கவிதையும் வங்கியியலும் சேர்ந்து வருகின்றனவா? கட்டுரையே அனுப்பாதவருக்கு ஏற்பு வந்ததா? அப்படியென்றால் அது காசுக் கடை. கட்டணம் கேட்பது மட்டும் குற்றமில்லை, நல்ல மாநாடும் கேட்கும். படித்துப் பார்க்காமல் கேட்பதுதான் குற்றம். துறைத் தலைவரிடமோ நூலகரிடமோ காட்டாமல் சதம் அனுப்பவேண்டாம். அங்கே பெயர் வந்தால் பின்னால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நன்மையைவிடத் தீமை கூட.

வீட்டுக்கு வந்து வினாக்கொத்து நிரப்புகிறார்கள். வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்கிறார்கள். பதில் சொல்லித்தான் ஆகவேண்டுமா?

வேண்டியதில்லை. ஆய்வுக்குப் பதில் சொல்வது முழுக்க உங்கள் விருப்பம். யார், எந்தத் துறை, எதற்காக, பெயர் வெளிவருமா என்று கேளுங்கள். சம்மதக் கடிதம் தந்தால் வாசித்துவிட்டு ஒப்பமிடுங்கள். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் விடலாம், பாதியில் நிறுத்தவும் செய்யலாம். இரத்தமோ சிறுநீரோ எடுக்கும் ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியைக் கேட்டே ஆகவேண்டும்.

2004 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதன்பின் கரையோரத்தில் கடதாசியோடு வந்து கதை கேட்டுப் போனவர்கள் ஏராளம். “எத்தனை தரம் இதையே சொல்வது?” என்று சில வீடுகளில் இன்றும் கதவைச் சாத்துகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படிக்கிற பிள்ளை வெயிலில் வந்து நின்றால், பதில் சொல்லாவிட்டாலும் தண்ணீர் கொடுங்கள்.

போன போகத்தில் என் வயலில் மண் எடுத்துப் போனார்கள். முடிவு என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை. யாரிடம் கேட்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆய்வேட்டின் முன்பக்கங்களில் நன்றியுரை ஒன்று இருக்கும். மட்டை கட்டுமுன் பக்கங்களைச் சரிபார்க்கும்போது அதை வாசிப்பேன். “தகவல் தந்துதவிய விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் நன்றி” என்று அழகாக இருக்கும். பொன்னெழுத்து மட்டையோடு பிரதிகள் துறைக்கும் நூலகத்துக்கும் மேற்பார்வையாளருக்கும் போகும். நன்றி சொல்லப்பட்ட ஆளுக்கு ஒரு தாளும் போகாது.

வழி இருக்கிறது. மாணவரின் பெயர், துறை, ஆண்டு ஆகியவற்றை மண் எடுக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆண்டையும் ஊரையும் சொல்லி விவசாய பீடத்தின் அந்தத் துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதுங்கள், தமிழில் எழுதினால் போதும். “என் வயல் மண்ணின் உப்பும் அமிலத்தன்மையும் எவ்வளவு, என்ன போடவேண்டும்” என்று இரண்டு வரியில் கேளுங்கள். கமக்காரர் அமைப்பின் பெயரில் எழுதினால் பதில் விரைவாக வரும். இனி யாராவது மண் கேட்டு வந்தால், “முடிவைத் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தருவதென்றால் எடு” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மாணவருக்கு அது ஒரு மாலை வேலை.

இவ்வளவும் ஆராய்ந்து என்ன? அரசாங்கம் கேட்கவா போகிறது?

பல வேளைகளில் கேட்பதில்லை. ஒலுவிலைப் பாருங்கள். கடலோர மணல் அங்கே தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அணை கட்டியதும் மணல் தெற்கே தேங்கியது, துறைமுகத்தின் வாயை அடைத்தது, வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் தின்றது. 2013இல் திறந்த துறைமுகம் மணலோடு மல்லுக்கட்டுகிறது. தென்னையும் காணியும் போனவர்கள் நீதி கேட்டு நடக்கிறார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பல்கலைக்கழகம்.

ஆய்வு இருந்தாலே வெல்லலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாவட்டச் செயலகத்தில் போய் “கரை அரிக்கிறது” என்று சொல்வதற்கும், ஆண்டுவாரியாக எத்தனை மீற்றர் போனது என்ற வரைபடத்தை மேசையில் விரிப்பதற்கும் வேறுபாடு உண்டு. முன்னையதைக் கேட்டுத் தலையாட்டி அனுப்பிவிடலாம், பின்னையதற்குக் கடிதத்தில் பதில் எழுதவேண்டிவரும்.

எங்கள் வீட்டில் பழைய கூத்துக் கொப்பியும் ஓர் ஓலைச் சுவடியும் இருக்கின்றன. ஆய்வுக்கென்று கேட்கிறார்கள். கொடுத்தால் திரும்பி வருமா?

மூலத்தைக் கொடுக்காதீர்கள். நல்ல மனதோடு வாங்கிப் போய், வீடு மாறி, வெள்ளம் வந்து, ஆள் வெளிநாடு போய் என்று தொலைந்தவை இந்தப் பக்கத்தில் நிறைய. வீட்டுக்கே வந்து உங்கள் முன்னால் படமெடுக்கச் சொல்லுங்கள். படத்தின் பிரதி ஒன்றை நீங்களும் வாங்கிவையுங்கள். யாருடைய வீட்டுக் கொப்பி, எந்த அண்ணாவியார் எழுதியது, எந்த ஊரில் ஆடியது என்று ஆய்வில் குறிப்பிடுவதாக எழுதி ஒப்பமிடச் சொல்லுங்கள். நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம நூலகங்கள் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைப் படியெடுத்து இணையத்தில் எவரும் வாசிக்க வைக்கின்றன. அதற்கும் கொடுக்க மனமிருந்தால் கொடுக்கலாம்.

ஓலைச் சுவடியை மட்டும் போட்டோக் கொப்பி இயந்திரத்தில் வைத்து அமுக்கவேண்டாம், முறிந்துவிடும். என்னிடம் கொண்டுவந்தாலும் திருப்பித்தான் அனுப்புவேன். பகல் வெளிச்சத்தில், நிழலான இடத்தில், வெள்ளைத் துணிமேல் வைத்து நேர் மேலிருந்து படம் எடுங்கள். ஏட்டெண் தெரியவேண்டும், ஓரமும் வெட்டுப்படக்கூடாது.